ஏழாவது கிரீனுக்கு ஊற்றிய தண்ணீர்

அந்தக் கோடையில் காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் வானத்தைத்தான் பார்ப்பேன். பேத்தமங்களா பக்கம் ஒரு துண்டு மேகமாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியாது. தேய்த்துக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரம்போல வெளுத்துக் கிடக்கும். "இன்னைக்கும் இல்ல, நாசமாப் போவ," என்று முணுமுணுப்பேன். பல் துலக்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர், "நீ தெனம் திட்டறதாலதாண்டி அது வரமாட்டேங்குது," என்பார். அவருக்கு விளையாட்டு. எனக்கு அது பிழைப்பு.

எனக்குக் கோல்ஃப் மைதானத்தில் புல் பார்க்கிற வேலை. இதைச் சொன்னால், "இன்னா, புல்லு புடுங்கறியா?" என்று கேட்காத சொந்தக்காரன் கிடையாது. கேட்கட்டும். எங்கள் ஊரில் தங்க மைன்ஸ் ஓடிய காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட மைதானம் அது. ஒன்பது குழி. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு வட்டமாகப் புல், அறுகம்புல்லில் ஒரு ஜாதி, ராணுவத்துக்காரன் தலையைப்போல ஒட்ட வெட்டியிருக்கும். அந்த வட்டத்துக்குப் பெயர் கிரீன். மைதானத்தின் மற்ற இடமெல்லாம் கோடையில் தவிட்டு நிறத்துக்கு வந்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அந்த ஒன்பது வட்டமும் பச்சையாக இருந்தாக வேண்டும். அது என் பொறுப்பு.

அதற்கு முன்னால் பதினேழு வருடம் நான் பெங்களூருக்கு ரயிலில் போய் வந்தேன். விடியாத இருட்டில் கிளம்பும் வண்டி. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை. புல்தரை போடுவது, அதற்கு உரம் வைப்பது, மெஷின் ஓட்டுவது எல்லாம் அங்கேதான் கற்றேன். கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்கவும் அந்த ரயிலில்தான் கற்றேன். என் மகளுக்கு முதல் பல் விழுந்தது எனக்குத் தெரியாது, அவள் பெரியவளானது ரயிலில் வரும்போது போனில்தான் தெரியும். இந்த மைதானத்து வேலை கிடைத்த அன்று சீசன் டிக்கெட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். "பத்திரமா வெச்சிருக்கலாமே," என்றார் வீட்டுக்காரர். எதற்குப் பத்திரம்? நான் திரும்பப் போகப்போவதில்லை என்று அவரிடம் கத்தினேன்.

என்னோடு வேலை செய்பவள் ஓர் அக்கா. மைதானத்தை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். லைன் என்றால் மைன்ஸ் கூலிக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகள். அவள் தினமும் வேலைக்கு வரும்போது ஒரு நீலப் பிளாஸ்டிக் குடத்தோடு வருவாள். எங்கள் பம்ப் ஷெட் ஓரமாக ஒரு குழாய் இருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் அதை லைன்காரர்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. மைன்ஸ் காலத்தில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவன் வீட்டில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று யாரோ ஆரம்பித்தது. ஷிஃப்ட் நின்றுபோனது, சுரங்கத்து ஷாஃப்டுக்குள் தண்ணீர் ஏறி நிரம்பிவிட்டது, குழாய் மட்டும் ஆறு மணிக்குத் திறந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். கிளப் செக்ரட்டரி சார் அவரை மைதானம் முழுக்க நடத்திக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருடாந்தர மேட்ச். அன்று கமிட்டி முழுக்க வரும். கிரீன்கள் சரியில்லை என்றால் பராமரிப்பை இவரிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அவருக்கு அவருடைய ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அக்காவும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா வீட்டுக்குப் போவாள். நான் ரயிலுக்குப் போவேன்.

பம்ப் ஷெட் அருகில் வந்ததும் அந்த ஆள் குழாயைக் காட்டி, "மொதல்ல இத மூடுங்க சார். கோடையில யாராவது தண்ணிய தானம் பண்ணுவாங்களா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போன பிறகு அக்காவிடம், "பெரிய மனுசன் வந்துட்டான் பாரு! குடிக்கற தண்ணியில கை வெக்கறான். இவன்லாம் உருப்படுவானா?" என்று பொரிந்து தள்ளினேன். அக்கா சிரித்தாள். "நீ இருக்கறவரைக்கும் யாருடி மூடுவா?" என்றாள்.

கோடைக்கு முன்னால் கிரீன்மேல் மெல்லிசாக மணல் தூவி, துடைப்பத்தால் புல்லுக்குள் இறக்கிவிட வேண்டும். தரை சமமாகும், பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். பெங்களூரில் இதற்கென்று சலித்த ஆற்று மணல் மூட்டையில் வரும். இங்கே எங்கே போவது? எட்டு கிரீனுக்கு இருந்த மணலைப் பிரித்துப் போட்டேன். ஏழாவதுக்கு இல்லை. ஏழாவது கிரீன் மைதானத்தின் கடைசி மூலையில், சயனைட் மேட்டுக்கு எதிரில் இருக்கிறது. சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு அரைத்த கல்லைக் கொட்டிக் கொட்டி மலையாக எழுந்த மேடு அது. சாம்பல் நிறத்தில் மாவுபோல மண். காற்றில் பறந்து வந்து எங்கள் வேலியோரமாகக் குவிந்து கிடந்தது.

நான் வீட்டிலிருந்து மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வந்தேன். அக்காவும் நானும் உட்கார்ந்து அந்த மண்ணைச் சலித்தோம்.

"இது மேல ஒரு செடிகூட மொளைக்காதேடி," என்றாள் அக்கா.

"அதுதாங்கா நல்லது. களையும் மொளைக்காது பாரு," என்றேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுக்கு அந்த மண்ணைக் கண்டு என்ன பயம்? சின்ன வயதில் கோணிப்பையைப் போட்டு அந்த மேட்டில் சறுக்கி விளையாடியவர்கள் நாங்கள். அதைக் கொண்டுதான் என் அம்மா பித்தளைப் பாத்திரம் துலக்கினாள். கோடை வந்தால் எங்கள் சோற்றில் அது நறநறக்கும், பாயில் படியும், காதுக்குள் போகும். இரண்டு வேளையும் பெருக்கித் தள்ளுவோம். அதை ஒரு பொருளாகவே யாரும் நினைத்ததில்லை. தூவி, பெருக்கி, தண்ணீர் தெளித்ததும் ஏழாவது கிரீன் இஸ்திரி போட்டதுபோல ஆனது. செக்ரட்டரி சார் வந்து பார்த்து, "ஒன்பதுல இதுதாம்மா பெஸ்ட்," என்றார். நான் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

மார்ச் முடியும்போது ஏழாவதில் ஒரு மஞ்சள் திட்டு தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். அன்று கூடுதலாகக் கால் மணி நேரம் விட்டேன். ஒரு வாரத்தில் தட்டு, அண்டா அகலமானது. அரை மணி நேரம் விட்டேன். பக்கத்தில் இன்னொரு திட்டு. மற்ற எட்டும் இளைத்தாலும் பச்சையாக இருந்தன. எல்லாவற்றையும்விட அதிகம் குடித்த இது மட்டும் ஏன் சாகிறது? இரவு படுத்தால் கண்ணுக்குள் அந்த மஞ்சள்தான். பூச்சியாக இருக்குமோ என்று மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியால் தேடினேன். பூதிகோட்டையில் உரக்கடை வைத்திருப்பவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவரும், "வெயில்மா, தண்ணி காட்டுங்க," என்றார். நான் நினைத்ததையே அவரும் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி.

வாரம் இரண்டு முறை குழியின் இடத்தை மாற்றுவோம். அதற்கு ஒரு கட்டர் இருக்கிறது. இரும்புக் குழாய், மேலே இரண்டு பக்கமும் கைப்பிடி. அழுத்தித் திருகினால் புல்லும் மண்ணுமாக ஒரு உருளையை உருவி எடுக்கும். அதைப் பழைய குழியில் வைத்து மூடிவிடுவோம். ஏழாவதில் மட்டும் இதை நிறுத்திவிட்டேன். ஏற்கனவே சீக்காளி, அதைப் போய்க் குத்துவானேன் என்று. பயத்தில் செய்ததுதான், வேறென்ன.

ஏப்ரலில் போர்வெல் காற்று இழுக்க ஆரம்பித்தது. மோட்டார் போட்டால் முதலில் நன்றாக வரும், பிறகு குழாய் இருமும், பிறகு வெறும் காற்று. நிறுத்திக் காத்திருந்து மறுபடி போட வேண்டும். ஊருக்குள் நகராட்சித் தண்ணீர் நின்று ஒரு வாரமாகியிருந்தது. குழாயடி வரிசை நீண்டது. ஆறு மணிக் குழாயை மூடினால் ஏழாவதுக்கு ஒரு மணி நேரத் தண்ணீர் கிடைக்கும். இந்தக் கணக்கு என் தலைக்குள் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. வந்தபின் போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை குழாயின் கைப்பிடியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். செக்ரட்டரி சாரிடம், "மேட்ச் வரைக்கும் மட்டும் சார்," என்றேன். அவர், "உனக்கு சரின்னு பட்டா சரி," என்றார். சரி என்று பட்டதா? எனக்கு ரயில் மட்டும்தான் கண்ணில் பட்டது.

குடங்களோடு வந்தவர்களிடம் போர் வற்றிவிட்டது என்றேன். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், ஏழாவது கிரீன்மேல் தண்ணீர் விசிறியாகச் சுற்றுவது நன்றாகத் தெரியும். ஒருவரும் சண்டை போடவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு வரும் ஒரு பெண் மட்டும் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்பக்கா உடுவீங்க?" என்றாள். "மே மாசம் முடியட்டும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனசு ஆறியிருப்பேன்.

அக்கா மறுநாளிலிருந்து குடம் கொண்டுவரவில்லை. என்னோடு ஹோஸ் இழுத்தாள், மெஷின் தள்ளினாள். பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று. நானும் அந்தக் குழாயிலிருந்து என் வீட்டுக்கு ஒரு கேன்கூட எடுக்கவில்லை. அதைப் பெரிய நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது ஊரின் இன்னொரு மூலையில், பாலகாட் பக்கம். அங்கேயும் தண்ணீர் இல்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் முகம் கழுவிய தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் கக்கூசுக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், ஊர்ப்பேச்சு முழுக்க அவர் காதுக்கு வரும்.

"ஸ்டாண்டுல கேக்கறாங்க," என்றார். "உன் பொண்டாட்டி புல்லுக்கு ஊத்திட்டு மனுசங்களுக்கு இல்லன்னு சொல்றாளாமேன்னு. நான் இன்னா பதில் சொல்றது?"

"நாளையிலேர்ந்து நான் ரயில் ஏறட்டுமா? அதச் சொல்லு உன் ஸ்டாண்டுல!" என்று கத்தினேன். கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்த வேகத்தில் அது உருண்டு வாசல்வரை போனது. அவர் அதை எடுத்து வந்து வைத்தார். அன்று அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மே மாதம். ஏழாவதில் மஞ்சள் போய் வைக்கோல் நிறம் வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் பச்சை. மேட்சுக்கு ஒன்பது நாள்தான். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் இருந்த குழியின் விளிம்பு உடைந்து சரிந்திருந்தது. அதில் பந்து விழாது. இனி மாற்றாமல் முடியாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கட்டரை எடுத்துவரச் சொன்னேன்.

அக்கா வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. "இன்னாடி இது, செங்கல்லாட்டம் கீது," என்றாள். இருவரும் சேர்ந்து எங்கள் கனம் முழுவதையும் போட்டுத் திருகினோம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உருவி எடுத்தோம்.

மேலே இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஈர மண், குழைத்த சிமென்ட் மாதிரி வழவழவென்று. அதற்குக் கீழே செம்மண். காய்ந்த செம்மண். அக்கா விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றில் போனது. புல்லின் வேர்கள் அந்தச் சாம்பல் மண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் சுருண்டு கிடந்தன. நாங்கள் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்கவில்லை. மேலேயே நின்று வெயிலில் போயிருக்கிறது, மீதி ஓரத்தில் வழிந்து அந்தப் பச்சை வளையத்தை வளர்த்திருக்கிறது. ஊற்ற ஊற்ற அந்த மாவு இன்னும் இறுகியிருக்கிறது.

அந்த நிறம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பெருக்கித் தள்ளிய நிறம். நான் சலித்துப் போட்டது கொஞ்சம், அதற்குப் பிறகு தினமும் மேட்டுக் காற்று கொண்டுவந்து கொட்டியது மிச்சம். அதையும் வீணாக்குவானேன் என்று நானே துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். மஞ்சள் தெரிந்த பிறகு ஒரே ஒரு முறை கட்டர் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஐயோ, ஒரே ஒரு முறை! தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. புல்லுக்காகத்தான் அழுகிறேன் என்று அக்கா நினைத்திருப்பாளோ என்னவோ. குழாயின் கைப்பிடி என் பையில் இருந்தது. முப்பத்திரண்டு நாளாக இருந்தது. நான் எண்ணி வைத்திருந்தேன்.

அக்கா அந்த மண் உருளையைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தட்டினாள். "நானுந்தானடி சலிச்சேன். எழுந்திரு, சாராண்ட போய் சொல்லு," என்றாள்.

காற்றில் வந்த மண் சார் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். காற்றை யார் வேலையைவிட்டு நிறுத்த முடியும்? கிளப் அறை வாசலுக்குப் போகும்வரை அப்படிச் சொல்வதாகத்தான் இருந்தேன். உள்ளே போனதும் அந்த உருளையை அவர் மேசையில் விரித்திருந்த பேப்பர்மேல் வைத்து, "நான் சலிச்சுப் போட்டது சார். சயனைட் மண்ணு. தண்ணி பத்தலன்னு நெனச்சு லைன் குழாயையும் மூடினேன். எல்லாம் வீண்," என்றேன்.

அவர் அந்தச் சாம்பல் மண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "இதத்தானே நான் பெஸ்ட்டுன்னு சொன்னேன்?" என்றார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். பிறகு, "கிரீனுக்கு முன்னாடி காய்ஞ்ச புல்லுல ஒரு வட்டம் ஒட்ட வெட்டி குழி போடு. மேட்ச் அதுல நடக்கட்டும். கமிட்டி இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியாதும்மா, உண்மையத்தான் சொல்வேன்," என்றார். சரி சார் என்றேன். அவர் திட்டவில்லை, காப்பாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை.

மேட்ச் அந்தத் தவிட்டு வட்டத்தில்தான் நடந்தது. விளையாட வந்த பெங்களூர்க்காரர்கள் ஏழாவதுக்கு வந்ததும் முகம் சுளித்தார்கள், ஒருவர் படம் எடுத்துக்கொண்டார். மழைவரைக்கும் பார்க்கலாம் என்று கமிட்டி சொன்னது. செத்த புல்லோடு அந்தச் சாம்பல் மண்ணை நானும் அக்காவும் மண்வெட்டியால் செதுக்கி எடுத்து, ஜூன் மழையில் புதிதாக நட்டோம். பிடித்துக்கொண்டது. நான் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறேன். மேடும் எதிரில்தான் இருக்கிறது. கோடை வந்தால் முதல் வேலையாக ஒன்பதிலும் கட்டர் போட்டுப் பார்க்கிறேன், அப்புறமும் தூக்கம் வருவதில்லை.

இதையெல்லாம்விட, சாரிடம் சொன்ன மறுநாள் காலைதான் எனக்கு மறக்கவே இல்லை. ஆறு மணிக்குக் கைப்பிடியை மாட்டிக் குழாயைத் திறந்தேன். யாரும் வரவில்லை. தண்ணீர் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அக்கா நீலக் குடத்தோடு வந்து ஓரமாக நின்றுகொண்டாள், முதல் ஆளாகப் பிடிக்கவில்லை. கைக்குழந்தைக்காரி வந்தாள். குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அழுது அழுது என் கண் வீங்கியிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் விசாரிப்பதுபோல, "புல்லு செத்துப்போச்சாக்கா?" என்று கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அய்யோ பாவம்," என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். "நீங்க எவ்ளோ ஊத்தனீங்க. நாங்க தெனம் பாத்துட்டுதான இருந்தோம்."

குடம் நிரம்பி வழிந்தது. நான் அதைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். குழந்தை கையை நீட்டித் தண்ணீரை அடித்தது. அடுத்த குடத்தை வைக்கச் சொன்னேன்.